பக்கத்து வீட்டுக் குழந்தை நடந்துருச்சா? – வாசகர் கேள்வியும் டாக்டரம்மா பதிலும்

இந்த மாசம் வந்த கடிதத்த எல்லாம் ஒரு பக்கம் அடுக்கி, வாட்ஸ்அப்ல வந்த வாய்ஸ் மெசேஜ எல்லாம் காதுல மாட்டிக் கேட்டு முடிக்கறதுக்குள்ள குன்னூர்ல ரெண்டு தடவ கரண்ட் போயிட்டு வந்துருச்சு. பாதிக்கு மேல எல்லாத்துலயும் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒண்ணு வருது. அது உக்காந்துருச்சு, அது நடந்துருச்சு, அதுக்கு பல்லு வந்துருச்சு. எனக்கென்னமோ அந்தக் குழந்தைய ஒரு தடவ நேர்ல பாத்துட்டா பரவால்லன்னு இருக்கு. சரி, கேள்விக்குப் போவோம்.

கேள்வி: டாக்டரம்மா, என் பையனுக்கு பத்தரை மாசம். நல்லா உக்காருறான், கைய புடிச்சா நிக்கறான், தவழ மட்டும் மாட்டேங்கறான். மேல்வீட்டுக் குழந்தை இவனை விட பதினஞ்சு நாள் சின்னது, அது இப்பவே செவுத்த புடிச்சுட்டு நடக்குது. மாமியார் வாக்கர் வாங்கிரலாம்னு சொல்றாங்க. வாங்கலாமா? – ஒரு அம்மா, கோத்தகிரி பக்கம்

பதில்: வாங்க வேண்டாம் அம்மணி. இத முதல்லயே சொல்லிடறேன், நீங்க மீதிய படிச்சு முடிக்கறதுக்குள்ள மாமியார் பஸ் ஏறிட்டாங்கன்னா என்ன பண்றது. வாக்கர்ல உக்காந்த குழந்தை கால் நுனியால தரைய உந்தித் தள்ளுது, அவ்வளவுதான், தன் உடம்பத் தானே தாங்கி நிக்கற பேலன்ஸ் அதுல வராது, நடையும் சீக்கிரம் வராது. அத விட நம்ம ஊர் வீட்ட யோசிங்க, ஹால்ல இருந்து கிச்சனுக்கு ரெண்டு படி எறங்கணும், வாசல தாண்டினா நேரா பன்னெண்டு படி கீழ ரோட்டுக்கு. கனடாவுல 2004லயே வாக்கர் விக்கறதையே தடை பண்ணிட்டாங்க, முக்கியக் காரணம் படியில உருண்டு தலையில அடிபட்ட குழந்தைங்கதான்.

இப்ப தவழறதுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு அஞ்சு நாட்டுல 816 குழந்தைங்கள மாசா மாசம் பாத்து, எந்தக் குழந்தை எப்ப என்ன பண்ணுச்சுன்னு குறிச்சு 2006ல வெளியிட்டாங்க. அதுல ஒரு தேதியே கிடையாது, எல்லாத்துக்கும் ஒரு இடைவெளிதான். புடிமானம் இல்லாம உக்காருறது 4 மாசத்துல இருந்து 9 மாசம் வரைக்கும், முட்டி போட்டு தவழறது 5 மாசத்துல இருந்து 13½ மாசம் வரைக்கும், தானா நடக்கறது 8 மாசத்துல இருந்து 17½ மாசம் வரைக்கும். பாத்தீங்களா, நடக்கறதுல மட்டும் ஒம்பது மாச வித்தியாசம், ஒரு குழந்தை வயித்துக்குள்ள இருந்து வெளிய வர்ற நேரம்! அதே ஆய்வுல 100க்கு நாலு குழந்தை தவழாமலேயே எந்திரிச்சு நடந்துருச்சு.

என் பையனே அப்படித்தான். தவழவே இல்ல, உக்காந்த வாக்குல புட்டத்தத் தேச்சு தேச்சு வீடு பூரா சுத்துவான், ஒரு பக்க ஜட்டி மட்டும் கிழிஞ்சிருக்கும். டாக்டர் புள்ளையே தவழலயான்னு சொந்தக்காரங்க கேட்டப்ப எனக்கு வந்த கோவம் இருக்கே, அத விடுங்க. பதினாலாம் மாசம் கட்டில புடிச்சு எந்திரிச்சான், அடுத்த வாரம் நடந்துட்டான்.

நம்ம ஆளுங்க இந்த சார்ட்ட எப்பவோ போட்டு வெச்சுட்டாங்க தெரியுமா? பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவம் ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, அஞ்சாம் மாசம் வாக்குல செங்கீரை, ஏழுல தால், ஒம்பதுல சப்பாணி, பதினொண்ணுல முத்தம், பதிமூணுல வருகை, பதினஞ்சுல அம்புலின்னு. மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்துட்டோம். சப்பாணின்னா கைதட்டறது. இன்னைக்கும் ஒம்பது பத்து மாசக் குழந்தை என் முன்னாடி வந்தா நான் கைதட்டிக் காட்டுவேன், அது திருப்பி தட்டுதான்னு பாப்பேன்.

உங்க பையன்கிட்ட ரெண்டே ரெண்டு விஷயம் பாருங்க. ரெண்டு கையையும் ஒரே மாதிரி நீட்டறானா, இல்ல எப்பவும் ஒரே கைதானா? ஒரு வயசுக்கு முன்னாடியே ஒரு கைய மட்டும் பழகுற குழந்தைய "இடது கைப் பழக்கம்"னு விட்டுறக்கூடாது, இன்னொரு பக்கம் பலம் கம்மியா இருக்கலாம், காட்டணும். அடுத்து, காலு விறைப்பா கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்குதா? ரெண்டும் இல்லேன்னா பாய விரிச்சு, அவனுக்கு எட்டியும் எட்டாம ஒரு எவர்சில்வர் டம்ளர வெச்சுட்டு நீங்க காபி குடிங்க. 18 மாசம் முடிஞ்சும் நடக்கலைன்னா மட்டும் வாங்க.

கேள்வி: எங்க வீட்ல படுகு பேசுவோம், கீழ குடியிருக்கறவங்க தமிழ், என் வீட்டுக்காரரு பையன்கிட்ட இங்கிலீஷ்தான் பேசணும்னு பேசறாரு. பையனுக்கு ரெண்டு வயசு ரெண்டு மாசம். ம்மா, ஹாலு, பஸ், தாத்தா, இந்த மாதிரி ஆறு வார்த்தைதான். ஏதாவது வேணும்னா என் கைய புடிச்சு இழுத்துட்டுப் போய் அங்க வெச்சுருவான். யூடியூப்ல பாட்டு போட்டா அப்படியே உக்காந்துருவான், டியூன் எல்லாம் முனகறான். மூணு பாஷைல குழம்பிட்டான்னு எல்லாரும் சொல்றாங்க, அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாராம். காத்திருக்கலாமா? – ஊட்டிப் பக்கத்து கிராமம் ஒண்ணுல இருந்து

பதில்: முதல் கேள்விக்கு கவலைப்படாதீங்கன்னு சொன்ன அதே வாய்தான், உங்களுக்கு காத்திருக்காதீங்கன்னு சொல்லுது.

பாஷை மேல பழிய போடாதீங்க. நம்ம மலையில மூணு பாஷை காதுல விழாம வளர்ற குழந்தை எத்தனை இருக்கு, படுகு, தமிழ், மலையாளம், கன்னடம்னு எல்லாத்துலயும் பேரம் பேசற ஆளுங்க மார்க்கெட்டுல நிக்கறாங்க. ரெண்டு மூணு பாஷை கேக்கறதால பேச்சு நின்னு போகாது. ஆனா எண்ணும்போது எல்லா பாஷையையும் சேத்து எண்ணணும், பாலுக்கு ஹாலுன்னாலும் அது ஒரு வார்த்தைதான். அப்படி சேத்தும் ஆறுதான் வருதுன்னா, அங்கதான் யோசிக்கணும். ஒரு வயசு வாக்குல அர்த்தத்தோட ஒரு வார்த்தை, ரெண்டு வயசுல கிட்டத்தட்ட அம்பது வார்த்தை, அதுல ரெண்ட ஒட்ட வெச்சு "பஸ் போச்சு", "ஹாலு பேக்கு" (பால் வேணும்) மாதிரி ஒரு பேச்சு. 24 மாசத்துல அந்த ரெண்டு வார்த்தை ஒட்டு வரலைன்னா பாத்தே ஆகணும்.

வார்த்தைய விட உங்க கடிதத்துல எனக்கு உறுத்தினது அந்தக் கைய புடிச்சு இழுக்கற விஷயம். அவன் விரல் நீட்டிக் காட்டறானா? பழைய ஆளுங்க அம்புலிப் பருவம்னு வெச்சாங்களே, அது சும்மா நிலாச்சோறு கதை இல்ல. ஆத்தா நிலாவ காட்டும்போது குழந்தை விரலைப் பாக்காம நிலாவப் பாக்கணும், அப்புறம் திரும்பி ஆத்தா முகத்தப் பாக்கணும், "நீயும் பாத்தியா?"ங்கற மாதிரி. இது கொஞ்சம் கொஞ்சமா 9 மாசத்துல ஆரம்பிச்சு ஒண்ணேகால் வயசுக்குள்ள பெரும்பாலும் வந்துரும். குழந்தை நடக்கறது ரெண்டு மாசம் தள்ளிப் போனா எனக்கு தூக்கம் வரும், இது வரலைன்னா வராது. ஊட்டி மூடுபனில நிலா எங்க தெரியுதுன்னு கேக்காதீங்க. ரோட்டுல போற நாயைக் காட்டுங்க, தேயிலைக்குள்ள மேயற காட்டெருமைய (தூரமா நின்னு!) காட்டுங்க, பொம்மை ரயில் கூவுறப்ப "அங்க பாரு"ன்னு சொல்லிட்டு அவன் கண்ணு எங்க போகுதுன்னு பாருங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறானா, அதையும் பாருங்க, டிவி ஓடாதப்ப.

அடுத்து என்ன பண்ணணும்? முதல்ல காது. பாட்டுக்கு ஆடறான், அதனால காது கேக்குதுன்னு முடிவு பண்ணாதீங்க, சில சத்தம் மட்டும் கேட்டு சில சத்தம் கேக்காம இருக்கலாம், பெரான்னு ஒரு டெஸ்ட் இருக்கு, குழந்தைய தூங்க வெச்சே எடுப்பாங்க. அடுத்தது ஆட்டிசத்துக்கான இருவது கேள்விப் பட்டியல் ஒண்ணு இருக்கு, 16ல இருந்து 30 மாசத்துக்குள்ள கேக்கறது, உங்க பையன் சரியா அந்த வயசுல இருக்கான். அதுல மாட்டினாலே ஆட்டிசம்னு அர்த்தம் இல்ல, அடுத்த கட்டப் பரிசோதனை வேணும்னுதான் அர்த்தம். அரசாங்கத்துல 2013ல இருந்து பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும் பாக்கற ஆர்.பி.எஸ்.கே. திட்டம் இருக்கு, அங்கன்வாடிக்கு வர்ற அந்த டீம்கிட்ட சொன்னா மாவட்டத்துல இருக்கற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க, பேச்சுப் பயிற்சி அங்கயே இலவசம்.

யூடியூப்ப இன்னைக்கே நிறுத்துங்க. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021லயே சொல்லிட்டாங்க, ரெண்டு வயசு வரைக்கும் ஸ்கிரீனே கூடாது, அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாது. போன் பேசும், ஆனா பதிலுக்கு காத்திருக்காது. உங்க வீட்டுக்காரருகிட்டயும் சொல்லுங்க, அவருக்கு எந்த பாஷைல கதை விட வருமோ அதுல பேசட்டும், இங்கிலீஷ ஸ்கூல் பாத்துக்கும். அப்பா லேட்டா பேசினவரா இருக்கலாம், இவனும் அப்படியே இருந்தா எனக்கு சந்தோஷம்தான், டெஸ்ட் பண்ணி நார்மல்னு வந்தா ஒரு பஸ் சார்ஜ்தான் நஷ்டம்.

இன்னொண்ணு எல்லாருக்குமே சொல்றேன், ஏற்கனவே சொல்லிட்டிருந்த வார்த்தைய குழந்தை சொல்லாம விட்டுட்டா, சிரிச்சுப் பாத்துட்டிருந்தது பாக்கறத நிறுத்திட்டா, எந்த வயசா இருந்தாலும் அந்த வாரமே டாக்டர்கிட்ட போங்க. லேட்டா வர்றதுக்கு நூறு காரணம் இருக்கலாம், வந்தது திரும்பிப் போறது அப்படி இல்ல.

கேள்வி: பாப்பாவுக்கு 11 மாசம், ஒரு பல்லு கூட இல்ல. கால்சியம் குறையா? – வெலிங்டன்

பதில்: இல்ல. ஆறு மாசத்துலயும் வரும், 13 மாசத்துலயும் வரும், பொறக்கும்போதே பல்லோட வந்த குழந்தைய கூட நான் பாத்திருக்கேன். 18 மாசம் ஆகியும் ஒண்ணும் எட்டிப் பாக்கலைன்னா பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. மொத்தம் 20, மூணு வயசுக்குள்ள. அதுவரைக்கும் ஈறு போதும், சாதத்த மிக்ஸில அடிக்காதீங்க, கையால மசிச்சுக் குடுங்க. பல்லு முளைக்கறதால 102 டிகிரி காய்ச்சல் வராது, அப்படி வந்தா அது வேற ஏதோ.

கேள்வி: பேத்திக்கு ஒண்ணரை வயசு. எம் மக காலைல கொழுந்து பறிக்கப் போயிரும், நாந்தான் பாத்துக்கறேன். பொறக்கும்போது 2.9 கிலோ, ஒரு வயசுல 7.6, இப்ப 7.9தான். அங்கன்வாடி டீச்சர் மஞ்சக் கோட்டுல இருக்குதுன்னு பயமுறுத்துது. நல்லா ஓடியாடுது, காலைல டீயில வர்க்கிய நனைச்சு குடுத்தா ஒண்ணு பூரா தின்னுரும். சோறுதான் எறங்கல, செவுத்துச் சுண்ணாம்ப நோண்டித் தின்னுது. – ஒரு பாட்டி, கூடலூர் பக்கத்து எஸ்டேட் (எழுதினது பேரன்)

பதில்: பாட்டிம்மா, அந்த டீச்சருக்கு ஒரு கும்பிடு போடுங்க, பயமுறுத்தல, சரியான நேரத்துல சொல்லியிருக்காங்க. ஒரு வயசுல இருந்து ஒண்ணரை வயசுக்குள்ள ஒரு பொண்ணு குழந்தை ஒரு கிலோவுக்கு மேல ஏறணும், உங்க பேத்தி ஆறு மாசத்துல முந்நூறு கிராம்தான் ஏறியிருக்கு. ஒண்ணரை வயசுப் பொண்ணுக்கு நடு எடை 10 கிலோ 200, மஞ்சக் கோடு, அதாவது எடை குறைவு, ஆரம்பிக்கற இடம் 8 கிலோ 100. குழந்தை ஒல்லியா இருந்தா தப்பில்ல, ஆனா அட்டைல அதோட கோடு மேல போயிட்டிருந்தது படுத்துக்கிச்சுன்னா எங்களுக்கு கண்ணு அங்கதான் போகும். தாய் சேய் அட்டைய பீரோவுக்குள்ள பூட்டி வெக்காதீங்க, மாசா மாசம் அந்தப் புள்ளிய போட்டு வாங்குங்க. டீச்சர்கிட்ட கைச்சுத்து அளக்கற டேப்பும் இருக்கும், 12.5 சென்டிமீட்டருக்கு கீழ வந்தா உடனே ஆஸ்பத்திரி.

இப்ப நான் சொல்லப் போறது இந்த மலையில சொன்னா அடி விழும், இருந்தாலும் சொல்றேன். டீய நிறுத்துங்க. நாலு தலைமுறையா டீ பறிச்சு நம்ம வயிறு நிறைஞ்சிருக்கு, நானும் நாளைக்கு அஞ்சு கிளாஸ் குடிக்கறவதான், ஆனா குழந்தைக்கு அது ஆகாது. டீயில துவர்ப்பு இருக்கு பாருங்க, அது சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்த புடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. வர்க்கி நம்ம ஊட்டிக்குப் பேர் வாங்கிக் குடுத்த பண்டம்தான், ஆனா அது மைதாவும் வனஸ்பதியும், காலைல ஆறு மணிக்கே அந்தச் சின்ன வயித்த அது ரொப்பிட்டா எட்டு மணிக்கு சோறு எங்க எறங்கும்? அந்த சுண்ணாம்பு நோண்டறது சேட்டை இல்ல, ரத்தசோகைல குழந்தைங்க மண்ணு, சுண்ணாம்பு, சாம்பல்னு தேடித் திங்கும். கீழ் இமைய இழுத்துப் பாருங்க, உள்ள சிவப்பா இல்லாம வெளுத்திருக்கும்னு நினைக்கறேன்.

டீச்சர்கிட்டயோ நர்சம்மாகிட்டயோ இரும்பு டானிக் கேளுங்க, ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு நாளைக்கு 1 மில்லின்னு குடுக்கறது அரசாங்க வழக்கம், ஆனா ரத்தம் ரொம்ப கம்மியா இருந்தா அது பத்தாது, தினமும் குடுக்கணும், அதனால ஹீமோகுளோபின் ஒரு தடவ பாத்துருங்க. அதோட மூத்திரமும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, வெளிய தெரியாம மூத்திரப் பாதைல கிருமி இருந்தாலும் எடை ஏறாது. வீட்ல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா (காசநோயான்னு பாக்கணும்) அதையும் மறைக்காம சொல்லுங்க. பூச்சி மாத்திரை பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10னு வருஷம் ரெண்டு தடவ குடுப்பாங்க, இந்த வயசுக்கு அரை மாத்திரை, பொடி பண்ணி தண்ணில கலந்துதான் குடுக்கணும்.

சாப்பாடு? காலைல எந்திரிச்சதும் ராகிக் கூழோ அங்கன்வாடி சத்துமாவோ, வெல்லம் போட்டு, ஸ்பூன்ல எடுத்தா வழியாத கெட்டியா. தண்ணியா கரைச்சா வயிறுதான் நிறையும், எடை ஏறாது. நம்ம ஊர் உருளைக்கிழங்க வேக வெச்சு மசிச்சு ஒரு ஸ்பூன் நெய், தினம் ஒரு முட்டை, அவரைக்கொட்டைய தோல் உரிச்சு நசுக்கி பருப்பு மாதிரி, கீரை, அது மேல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம், இரும்பு சேர்றதுக்கு அது ஒத்தாசை. மூணு வேளை சாப்பாடு, நடுவுல ரெண்டு தடவ நொறுக்கு. மக பிள்ளை மடுவத்துல (வேலைக்குப் போறவங்க குழந்தைங்கள விடற எஸ்டேட் காப்பகம்) விட்டா அங்க பாத்துக்கறவங்ககிட்டயும் டீ குடுக்காதீங்கன்னு சொல்லணும், இல்லேன்னா நீங்க பூட்டின கதவ அவங்க தெறந்துருவாங்க. ஒரு மாசம் கழிச்சு எடை எவ்வளவுன்னு பேரன விட்டு எழுதச் சொல்லுங்க.

கேள்வி: நாலு மாசம் ஆகப் போகுது, கழுத்து இன்னும் சரியா நிக்கல. குளிருக்கு பயந்து ரெண்டு ஸ்வெட்டர், குல்லா, கம்பளி சுத்திதான் வெச்சிருக்கோம், ராத்திரி ரூம்ல கரி அடுப்பும் வெக்கறோம். – அரவங்காடு

பதில்: அந்தக் கரி அடுப்ப இன்னைக்கு ராத்திரியே வெளிய எடுங்க. ஜன்னல் கதவெல்லாம் சாத்தின ரூம்ல கரி புகைஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும், அதுக்கு வாசனையும் கிடையாது, தூங்கிட்டிருக்கும்போதே ஆள முடிச்சுரும், பெரியவங்களையே! இதுக்கு அப்புறம்தான் கழுத்து.

கழுத்து 3 மாசத்துல இருந்து 4 மாசம் முடியறதுக்குள்ள நிக்கும். இவ்வளவு சுத்தி மல்லாக்கவே படுக்க வெச்சா எந்தக் குழந்தை தலைய தூக்கிப் பழகும், மூட்டை மாதிரி கட்டி வெச்சுட்டு முட்டைக்கோஸ் ஏன் உருளலன்னு கேட்ட கதைதான். உங்க உடம்புல எத்தனை துணி இருக்கோ அத விட ஒரு அடுக்கு கூட, அது போதும், தூங்கும்போது குல்லா வேண்டாம். வெயில் வந்ததும் ஒரு விரிப்புல குப்புறப் போட்டு முன்னாடி நீங்களும் படுத்துட்டு பேசுங்க, ரெண்டு ரெண்டு நிமிஷமா ஆரம்பிச்சு, தினம் நாலஞ்சு தடவ. முழிச்சிருக்கும்போது மட்டும்தான், தூங்க வெக்கறப்ப மல்லாக்கத்தான். முகம் பாத்து சிரிக்குதா, நீங்க நகந்தா கண்ணு கூடவே வருதா? ரெண்டு மாசத்துக்குள்ள வரவேண்டிய சிரிப்பு அது. சிரிப்பு இருந்தா எனக்கு பாதி கவலை போயிரும். அஞ்சு மாசத்துலயும் தலை தொங்கினா காட்டுங்க.

வைட்டமின் டி சொட்டு மருந்து குடுக்கறீங்களா? தாய்ப்பால் குடிக்கற குழந்தைக்கு முதல் வருஷம் பூரா தினம் 400 யூனிட், பாட்டில்ல போட்டிருக்கற அளவ பாத்துக் குடுங்க. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ள இருந்து காயற வெயில்ல அது கிடைக்காது.

கேள்வி: ரெட்டைக் குழந்தைங்க, 32 வாரத்துலயே பொறந்துட்டாங்க. இப்ப ஏழு மாசம், குப்புற விழறாங்க, உக்காரல. – குன்னூர்

பதில்: உங்க வீட்ல ஏழு மாசக் குழந்தை யாரும் இல்ல, அஞ்சு மாசக் குழந்தை ரெண்டு இருக்கு. எட்டு வாரம் முன்னாடி வந்ததால ரெண்டு மாசத்தக் கழிச்சுட்டுதான் வளர்ச்சியப் பாக்கணும், ரெண்டு வயசு வரைக்கும் இந்தக் கணக்குதான். அஞ்சு மாசத்துல குப்புற விழறாங்கன்னா ஜோரா இருக்காங்க. ஆனா தடுப்பூசிக்கு இந்தக் கழிவு கிடையாது, பொறந்த தேதிப்படிதான் போடணும். குறைமாசக் குழந்தைக்கு முப்பது நாளுக்குள்ள விழித்திரை பாத்திருக்கணும், பாத்தாங்களா? ஆஸ்பத்திரில சொன்னாங்களோ என்னமோ, சீட்டுல எழுதியும் யாரும் கவனிக்காம விட்டது எத்தனையோ பாத்துட்டேன். பாக்கலைன்னா இந்த வாரமே கண் டாக்டர், கூடவே ஒரு காது டெஸ்ட்டும்.

கேள்வி: மேடம், மனைவி வெளிநாட்டுல நர்ஸ். நானும் எங்கம்மாவும்தான் பொண்ணப் பாத்துக்கறோம், அவளுக்கு ஒம்பது வயசு, நாலாவது படிக்கறா. மார்புல ஒரு பக்கம் மட்டும் கட்டி மாதிரி, வலிக்குதுன்னு பாட்டிகிட்ட சொல்லியிருக்கா. கட்டியான்னு ராத்திரி தூக்கம் இல்ல. பிராய்லர் கோழிதான் காரணம்னு அம்மா திட்டறாங்க. இதுக்கப்புறம் உயரமாக மாட்டாளா? எனக்கு எப்படிப் பேசறதுன்னே தெரியல. – ஒரு அப்பா, மஞ்சூர்

பதில்: தூங்குங்க சார். பெரும்பாலும் அது பயப்படற கட்டி இல்ல, பொண்ணு வளர ஆரம்பிச்சுட்டா. 8 வயசுல இருந்து 13 வயசுக்குள்ள எப்ப வேணும்னாலும் ஆரம்பிக்கலாம், ஒரு பக்கம் முதல்ல வந்து அடுத்த பக்கம் சில மாசம் கழிச்சு வர்றதும் சகஜம், காம்புக்கு அடியில சின்னப் பொத்தான் மாதிரி இருக்கும், அடிபட்டா வலிக்கும். அழுத்தி அழுத்திப் பாக்க வேண்டாம். எட்டு வயசு முடியறதுக்கு முன்னாடி வந்திருந்தா எலும்பு வயசு எக்ஸ்ரே, ஹார்மோன் டெஸ்ட்னு போகச் சொல்லியிருப்பேன். இப்ப ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணிக்கோங்க, அது போதும்.

இதுல இருந்து வயசுக்கு வர்றதுக்கு ஏறக்குறைய ரெண்டு, ரெண்டரை வருஷம் ஆகும். உயரம் நின்னு போற நேரம் இல்ல இது, நேர் மாறா, இப்பதான் வேகமா வளர்ற நேரம் ஆரம்பிக்குது, வருஷத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வரைக்கும் போவா. பீரியட்ஸ் வந்த அப்புறம்தான் வேகம் குறையும், அப்பவும் ஒரு அஞ்சு ஏழு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும். கோழிய விட்ருங்க, அது மேல சுமத்தின பழிக்கு ஆதாரம் இல்ல. எடை ரொம்ப கூடினா சீக்கிரம் வரலாம், அது உண்மை, அதனால சிப்ஸ் பாக்கெட்ட குறைங்க, ஓடி விளையாட விடுங்க.

பேசறதுக்கு வருவோம். நீங்க லெக்சர் எடுக்க வேண்டாம். "பாட்டி சொன்னாங்க, எல்லாப் பொண்ணுங்களுக்கும் இந்த வயசுல வர்றதுதான், டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்"னு சாதாரணமா, தோசை சுடும்போதோ வண்டில போகும்போதோ சொல்லிருங்க, முகத்துக்கு முகம் பாக்காத நேரமா இருந்தா ரெண்டு பேருக்கும் சுலபம். மீதிய அவங்கம்மா வீடியோ கால்ல பேசட்டும், பீரியட்ஸ் பத்தியும் இப்பவே. ஸ்கூல்ல திடீர்னு ஆகி பயந்து அழுத பொண்ணுங்கள நான் நிறைய பாத்துட்டேன். பத்து வயசுல இருந்து ஸ்கூல் பையோட அடியில ஒரு பேடும் ஒரு மாத்து ஜட்டியும் ஒரு பழைய பென்சில் பவுச்சுல கிடக்கட்டும். அம்மாவ (உங்க அம்மாவ) ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், ஓடாத, குதிக்காதன்னு இப்பவே ஆரம்பிச்சுறாதீங்க.

கேள்வி: டாக்டர் ஆன்ட்டி, எனக்கு 14 வயசு 2 மாசம், 147 சென்டிமீட்டர். கிளாஸ்ல பொண்ணுங்க கூட என்னை விட உயரம், பிரேயர்ல நான்தான் முதல்ல நிக்கறேன். அப்பா 165, அம்மா 152. அப்பாவும் பிளஸ் டூ முடிக்கறப்பதான் வளந்தாராம். கம்பில தொங்கறேன், ஆன்லைன்ல உயரத்துக்கு ஒரு பவுடர் 1,800 ரூபாய்க்கு பாத்தேன். வாங்கலாமா? வீட்டுக்குத் தெரியாம எழுதறேன். – பந்தலூர்

பதில்: தம்பி, அந்த 1,800 ரூபாய்க்கு ஷூ வாங்கிக்கோ. பவுடர்ல உயரம் வராது. கம்பில தொங்கினா கை பலமாகும், நல்லதுதான், ஆனா எலும்பு நீளாது.

பொண்ணுங்க உயரமா இருக்கறதுக்கு காரணம் அவங்களுக்கு அந்த வேகம் உங்கள விட ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துருது, அவங்க இப்ப முடிக்கற நேரம், உனக்கு இனிமேதான். பையங்களுக்கு அது வரும்போது ஒரே வருஷத்துல ஒம்பது பத்து சென்டிமீட்டர் கூட போகும், பேண்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேல ஏறிரும். ஒரு கணக்கு சொல்றேன், அப்பா உயரம், அம்மா உயரம், கூட 13, மூணையும் கூட்டி ரெண்டால வகு. உனக்கு 165 வருது. அதுக்கு மேல கீழ எட்டு சென்டிமீட்டர் போகலாம். (பொண்ணா இருந்தா 13ஐ கழிக்கணும், தங்கச்சி இருந்தா போட்டுப் பாரு.) அப்பா லேட்டா வளந்தவர்னா நீயும் அந்த வழியா இருக்கறதுக்கு நிறைய வாய்ப்பு.

ஆனா ஒரு விஷயம், கூச்சப்படாம கேளு. பையங்களுக்கு வயசுக்கு வர்றது மீசையில ஆரம்பிக்கறதில்ல, விதைப்பை பெருசாகறதுலதான் ஆரம்பிக்கும், அப்புறம் முடி, அப்புறம்தான் குரல் உடையறது. 14 முடிஞ்சும் அதுல ஒரு மாத்தமும் இல்லேன்னா ஒரு டாக்டர பாக்கணும், நோய்னு அர்த்தம் இல்ல, பாக்கணும் அவ்வளவுதான். மாத்தம் ஆரம்பிச்சிருந்தா உயரம் பின்னாடியே வரும். போன வருஷத்துக்கும் இப்பவுக்கும் நாலு சென்டிமீட்டர் கூட ஏறலைன்னாலும் காட்டு, தைராய்டு, ரத்தம் எல்லாம் பாப்பாங்க. உங்க பந்தலூர், கூடலூர் பக்கம் இன்னொண்ணும் இருக்கு, சிக்கிள் செல்னு ஒரு ரத்த வியாதி, இந்தியாவுல அத 1952ல முதல்ல அடையாளம் கண்ட இடங்கள்ல நம்ம நீலகிரியும் ஒண்ணு, இங்க பழங்குடி மக்கள்கிட்ட அது அதிகம், அதுல வளர்ச்சியும் வயசுக்கு வர்றதும் தள்ளிப் போகும். அடிக்கடி கை கால் மூட்டுல தாங்க முடியாத வலி, கண்ணு மஞ்சளாகறதுன்னு உனக்கோ வீட்ல யாருக்கோ இருந்தா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு. ஒரு சொட்டு ரத்தத்துல தெரிஞ்சுரும்.

தூக்கத்த குறைக்காத, வளர்ற ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்துலதான் அதிகமா சுரக்கும், போன ஒம்பதரைக்கு அப்பாகிட்ட குடுத்துரு. முட்டை, பருப்பு, பால், எது வீட்ல இருக்கோ அது. அப்புறம் கதவு நிலைக்குப் பக்கத்துல செருப்பில்லாம, குதிகால், பின்பக்கம், தலை மூணும் செவுத்துல ஒட்டி நில்லு, தலை மேல ஒரு ஸ்கேல நேரா வெச்சு தம்பியையோ தங்கச்சியையோ பென்சில்ல கோடு போடச் சொல்லு, தேதியும் எழுதணும். காலைல எந்திரிச்சதும்தான் அளக்கணும், சாயங்காலம் அளந்தா ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் கம்மியா காட்டும், மனசு உடஞ்சு போகும். தினமும் அளக்காத, மூணு மாசத்துக்கு ஒரு தடவ. நாலாவது கோடு போட்டதும் அந்த நாலு தேதியையும் நாலு அளவையும் எனக்கு எழுது, அப்ப வீட்டுக்குத் தெரிஞ்சே எழுதலாம்.